புகார் வராத ஊர்

மூடுபனியை அழிக்க முடியாது, நகர்த்தத்தான் முடியும். சூளகுண்டா விமான நிலையத்தின் வானிலைப் பிரிவில் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லப்படும் பாடம் இது. ஓடுபாதையைச் சுற்றி நிற்கும் கம்பங்கள் காற்றிலுள்ள நுண்துளிகளுக்கு மின்னூட்டம் ஏற்றும். மின்னூட்டம் ஏறிய பனி, கிடையிலிருந்து கிளப்பிய ஆடுகளைப் போல, ஓட்டுகிற திசையில் போகும். சில கிலோமீட்டர் தள்ளி, செல்போன் கோபுரங்களோடு கோபுரமாக நிற்கும் இன்னொரு வரிசைக் கம்பங்கள் அந்த மின்னூட்டத்தை உறிஞ்சிக்கொள்ளும். பனி அங்கேயே படுத்துவிடும். அந்த இடத்துக்கு அலுவலகத்தில் இறக்கிடம் என்று பெயர்.

இறக்கிடங்கள் எவை என்று வெளியே சொல்வதில்லை. சொன்னால் நிலத்தின் விலை விழும், வழக்குகள் வரும். எனவே மறுநாள் காலைக்கான முன்னறிவிப்பில் ஒரு பாதி விமானிகளுக்குப் போகும், மறுபாதி அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும். விமானிகள் படிக்கும் பாதியில் 'ஓடுபாதையில் பார்வைத் தூரம் போதுமானது' என்றிருக்கும். உள்ளே இருக்கும் பாதியில் ஓர் ஊரின் பெயர் இருக்கும்.

ஊரைக் கணினி பரிந்துரைக்கும். காற்று, மக்கள் தொகை, சாலைகள், இவற்றோடு அந்த ஊரிலிருந்து இதுவரை வந்த புகார்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும். புகாருக்குத்தான் எடை அதிகம். முதல் குளிர்காலத்தில் ஒரு வில்லாக் குடியிருப்பின் மீது பனி இறங்கியது. அதன் சங்கச் செயலாளர் ஒரு வாரத்துக்குள் விமான நிலைய இயக்குநருக்கு வரைபடத்தோடு கடிதம் எழுதினார். குடியிருப்பு பட்டியலில் கீழே போனது. ஒரு தனியார் பள்ளியின் முதல்வர் தொலைபேசியில் கத்தினார். பள்ளியும் கீழே போனது. கோல்ஃப் மைதானத்தை யாரும் முதலிலிருந்தே பட்டியலில் சேர்க்கவில்லை. மிஞ்சியது பைரன்தொட்டி. மூன்று குளிர்காலத்தில் அங்கிருந்து ஒரு புகார்கூட வரவில்லை.

வானிலைப் பதிவாளர் பாஷா அந்த ஊருக்கு 'நல்ல பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார். சாயந்திர ஷிப்டில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "மேடம், காத்து வடகிழக்கு. நல்ல பிள்ளை தலையிலயே இறக்கிடலாமா?" என்பார். முன்னறிவிப்பாளர் வசுமதி சிரித்துக்கொண்டே திரையில் பைரன்தொட்டியைத் தொடுவாள். அவ்வளவுதான் வேலை. பிறகு இருவரும் டீ குடிக்கப் போவார்கள்.

தை மாதத்தில் ஒரு காலை, பைரன்தொட்டி விலக்கு அருகே, ரோஜாப் பண்ணைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போன ஒரு வேன், விளக்கில்லாமல் நின்றிருந்த கிரானைட் லாரியில் மோதியது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். அன்றைய முன்னறிவிப்பில் இருந்த கையெழுத்து வசுமதியுடையது.

செய்தித்தாளில் அது நான்கு வரி. பாஷா அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். அதன் பிறகு 'நல்ல பிள்ளை' என்ற பெயரை யாரும் சொல்லவில்லை. பைரன்தொட்டியைத் தொடுவது மட்டும் நிற்கவில்லை.

மூன்று வாரம் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. விபத்து நடந்த காலையில் அங்கே பார்வைத் தூரம் எவ்வளவு, அந்தப் பகுதியில் மூடுபனி வழக்கமானதுதானா என்று கேட்டிருந்தார்கள். இரண்டு கேள்விக்கும் சான்றிதழ் வேண்டும்.

பிரிவுத் தலைவர் தேவசகாயம் கடிதத்தை வசுமதியிடம் நீட்டினார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும் மனிதர். யாரிடமும் அதிர்ந்து பேசாதவர்.

"அங்க நம்ம பனி மீட்டர் ஒண்ணு இருக்கு. அது ஒழுங்கா வேலை செய்யுதான்னு நேர்ல பார்த்துட்டு வந்துடும்மா. வருஷத்துக்கு ஒரு தடவை போயிருக்கணும். நாம யாரும் போனதில்ல."

"சார், ரெண்டாவது கேள்விக்கு என்ன எழுதறது?"

"மூணு குளிர்காலமா அடிக்கடி இருக்குன்னு எழுது. உண்மைதானே?"

"அப்படி எழுதினா, பனி இருக்கும்னு தெரிஞ்சும் டிரைவர் வண்டி எடுத்தான்னு ஆகும். கேஸ் அவன் மேல இறுகும் சார்."

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, ஒரு விமானத்துல நூத்தம்பது பேர் இருக்காங்க. அவங்களுக்குக் கீழ பனி இருக்கக் கூடாது. அது எங்கயாவது இறங்கித்தானே ஆகணும்? உன்னைப் பொய் எழுதச் சொல்லல. கேட்டதுக்கு மட்டும் பதில் எழுது."

மறுநாள் மத்தியானம் அலுவலக ஜீப் அவளைப் பைரன்தொட்டியில் இறக்கிவிட்டது. வெயில் அடித்தது. ஊர் அவள் நினைத்திருந்ததைவிடப் பெரியது. திரையில் அது விரல் நுனி அளவு இருக்கும். இங்கே தெருக்கள் இருந்தன, ஒரு ரேஷன் கடை இருந்தது, கொடியில் பள்ளிச் சீருடைகள் காய்ந்தன.

மீட்டர் கம்பம் ஊர்க் கோடியில் ஒரு வீட்டுக்குப் பின்னால் நின்றது. அதற்குப் பக்கத்தில் ஒரு மனிதர் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார். இடது கையில் மாவுக்கட்டு. வலது கையால் மட்டும் கடப்பாரையைத் தூக்கிப் போட்டார். அது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கோணலாக விழுந்தது.

"அந்தக் கம்பமா மேடம்? அது செல்போன்காரங்களது."

"இல்லீங்க, எங்களுது. வானிலை ஆபீஸ். பனியை அளக்கறது."

"அளக்கக்கூட ஆள் வெச்சிருக்காங்களா!" அவர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "நல்ல நேரத்துல வந்தீங்க. மத்தியானம்னா என் மூஞ்சி தெரியுது. காலையில வந்திருந்தா குரல் மட்டும்தான் கேட்டிருக்கும். தப்பா நினைக்காதீங்க மேடம், எங்க ஊர் பனி அப்படி."

வசுமதி மீட்டரைத் திறந்து பார்த்தாள். கண்ணாடி சுத்தமாக இருந்தது. எண்கள் சரியாக ஓடின. மூடினாள். அதற்குள் வீட்டிலிருந்து ஒரு பெண் வந்து, "வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க," என்று கூப்பிட்டாள். அவர் மனைவி, நஞ்சம்மா.

"வரக்காப்பிதான் இருக்குது. பால் இல்ல. பக்கத்து வீட்டுல ரெண்டு மாடு கறக்குது, எங்களுக்கு மட்டும் கறக்காதாம்."

"ஏய், வந்தவங்ககிட்ட அதெல்லாம் எதுக்கு," என்றார் அவர். பிறகு அவரே சொன்னார். "நான்தான் மேடம் அந்த வேன் டிரைவர். முனிகிருஷ்ணன். பேப்பர்ல பார்த்திருப்பீங்க."

வசுமதி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பார்த்தேன் என்று சொன்னாள்.

"செத்துப் போனது ஒண்ணு மேட்டுத்தெரு முனியம்மா. இன்னொண்ணு சரோஜா. எங்கண்ணன் சம்சாரம்."

"அண்ணின்னுகூட வாயில வரல பாரு," என்றாள் நஞ்சம்மா, கதவோரமாக நின்று.

"சொல்ல எனக்கு யோக்கியதை இல்லடி." அவர் வெளியே பள்ளத்தைக் காட்டினார். "அது குட்டை இருந்த இடம் மேடம். என் பங்குல வந்தது. தண்ணி நிக்காது, கொசுதான் நிக்கும். மண்ணடிச்சு மூடிட்டு இந்த ரூமை எடுத்துக் கட்டினேன். அந்த மார்கழியே பனி இறங்கிடுச்சு. அதுக்கு முன்னாடி எங்க ஊர்ல பனின்னா புல்லு நுனியில இருக்கும். அவ்வளவுதான். குட்டைதான் பனியைக் குடிச்சிட்டிருந்துச்சாம். நான் மூடினதும் குடிக்க ஆளில்லாம ஊர் மேல உக்காந்துடுச்சு."

"யார் சொன்னாங்க?"

"ஊரே சொல்லுச்சு. முதல்ல நானும் சண்டை போட்டேன். குட்டையாவது பனியைக் குடிக்கறதாவதுன்னு. ஆனா வேற காரணம் என்னன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. வேற என்னதான் மாறுச்சு இந்த ஊர்ல? நீங்களே சொல்லுங்க."

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க லேட்டானா இங்க வந்து திட்டுவாங்க," என்றாள் நஞ்சம்மா. "பண்ணையில அரைநாள் கூலி புடிச்சா இங்க வந்து திட்டுவாங்க. ஒருத்தனுக்குச் சளி புடிச்சா அவன் அம்மா வந்து மண்ணை வாரித் தூத்திட்டுப் போவா. மூணு வருஷத்துப் புகாரும் இந்த வாசல்லதான் மேடம்."

கணினியில் அந்த ஊரின் பெயருக்கு எதிரே புகார் எண்ணிக்கையாக இருக்கும் சுழி வசுமதியின் கண்முன் வந்தது. அந்தச் சுழியை அவளும் பாஷாவும் எத்தனையோ சாயந்திரம் பாராட்டியிருக்கிறார்கள்.

"நாளைக் கழிச்சுக் கோர்ட்டு," என்றார் முனிகிருஷ்ணன். "பனி மேல பழியைப் போடலாம்னு வக்கீல் சொல்றாரு. பனியே என்னுதுன்னா யார் மேல மேடம் போடறது? ஒத்துக்கிட்டு உள்ள போயிடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி குட்டையைத் திரும்பத் தோண்டிக் குடுத்துட்டா ஊருக்கு ஒரு நல்லது." பிறகு, ஏதோ சலுகை கேட்பவரைப் போலத் தயங்கி, "நீங்க வானிலை ஆபீஸ்தானே. இங்க பனி வரும்னா முந்தின நாளே சொல்ல முடியுமா? சொன்னா பொம்பளைங்களை லேட்டா கிளம்பச் சொல்லலாம். எங்களுக்கெல்லாம் அதைச் சொல்ல மாட்டாங்களோ?"

முந்தின நாள் சாயந்திரமே அது தெரியும். இந்தத் தெருவில் எந்த நேரத்துக்கு இறங்கும், எப்போது விலகும் என்பதுவரை தெரியும். அதைத் தெரிந்த ஒருத்தி அவருடைய பாயில் உட்கார்ந்து அவருடைய காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். வாய் திறந்தபோது வந்தது வேறு. "இன்னும் அளந்து பார்த்துட்டுத்தான் சொல்லணும்," என்றாள். அவர் அவளுடைய போன் எண்ணைக் கேட்டார். கொடுத்தாள். நஞ்சம்மா வாசல்வரை வந்து வழியனுப்பினாள். காலில் சேறு படாத பக்கமாகக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

ஜீப்பில் திரும்பும்போது ஓட்டுநர் ஏதோ கேட்டார். அவள் காதில் விழவில்லை.

சாயந்திரம் சான்றிதழ் தயாராக மேசைக்கு வந்தது. பார்வைத் தூரம் நாற்பது மீட்டர். மூன்று குளிர்காலமாக அடிக்கடி மூடுபனி நிலவுகிறது. 'நிலவுகிறது' என்ற சொல்லை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். வானிலைக்காரர்களுக்குப் பழகிய சொல். யாரும் எதையும் செய்வதில்லை, எல்லாம் நிலவுகிறது.

தேவசகாயம் கதவருகே வந்தார். "மீட்டர் எப்படி?"

"சரியா இருக்கு சார். குட்டையை மூடினதாலதான் பனி வருதுன்னு அந்த டிரைவர் நம்பறான். ஊரும் நம்புது."

அவர் முகம் மாறியது. பிறகு, "நாம அப்படிச் சொல்லல," என்றார். அது அவருக்கே போதாததாகத் தெரிந்திருக்க வேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

வசுமதி கையெழுத்துப் போட்டாள். உறையிலிட்டு ஒட்டி, காலைத் தபாலுக்காக மேசை ஓரத்தில் வைத்தாள்.

இதற்கு ஈடாக ஒன்று செய்யலாம் என்று அப்போதுதான் தோன்றியது. மறுநாள் முன்னறிவிப்பை எடுத்தாள். பரிந்துரையில் பைரன்தொட்டி மேலே ஒளிர்ந்தது. அவள் அதைத் தொடவில்லை. இறக்கிடம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். கணினி காரணம் கேட்டது. 'காற்று அசைவற்றது. தள்ளுமுறை இயங்காது. ஓடுபாதையில் அடர் மூடுபனி நிலவும்.' காற்று நன்றாகவே அசைந்தது. அவள் தன் வேலையில் எழுதிய முதல் பொய் அது.

பாஷா திரையைப் பார்த்தார், சன்னலுக்கு வெளியே காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் ஆடுவதைப் பார்த்தார். "மேடம், டீக்குப் போலாமா?" என்று மட்டும் கேட்டார்.

அவளுக்கு மனம் கொஞ்சம் லேசானது. யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, தன்னையும் காட்டிக்கொள்ளவில்லை. அந்த ஊருக்கு ஒரு நல்ல காலையைக் கொடுத்தாகிவிட்டது. இனி மெல்ல மெல்ல அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம். முனிகிருஷ்ணனுக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை.

விடிந்தபோது விமான நிலையம் காணாமல் போயிருந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் உச்சி மட்டும் பஞ்சில் செருகிய ஊசி போல நின்றது. வந்த விமானங்கள் வட்டமடித்து வேறு ஊர்களுக்குப் போயின. கிளம்ப வேண்டியவை கிளம்பவில்லை. பயணிகளின் புகார்கள் திரையின் ஓரத்தில் மழைபோல் இறங்கின. ஒருவருக்குக் கூட்டம், ஒருவருக்கு நிச்சயதார்த்தம், ஒருவர் காப்பி ஆறியிருந்ததைப் பற்றி எழுதியிருந்தார்.

தேவசகாயம் வந்து அவள் பின்னால் நின்று அவற்றைப் படித்தார். "காத்து அசையலியா?" என்றார். அவள் புகார்களைக் கீழே நகர்த்தினாள்.

அப்போது அவளுடைய செல்போன் அடித்தது.

"மேடம், முனிகிருஷ்ணன். பைரன்தொட்டி. தொந்தரவா?"

"இல்ல, சொல்லுங்க."

"பனி இல்ல மேடம்!" அவர் குரலுக்குப் பின்னால் நிறையப் பேர் பேசுகிற சத்தம் கேட்டது. "சுத்தமா இல்ல. விலக்கு ரோடுவரைக்கும் தெரியுது. நேத்து சாயந்திரம் ஊர்ப் பசங்க நாலு பேரு மனசு வந்து கூடத் தோண்டுனாங்க. முழங்கால் ஆழம் வந்ததும் ஒரு டேங்கர் தண்ணி வாங்கி விட்டேன். குடிச்சிருச்சு மேடம்! ஒரே ராத்திரியில குடிச்சிருச்சு!"

வசுமதி எழுந்து நின்றாள்.

"எங்கண்ணன் வந்திருக்காரு. அந்தச் சாவுக்கப்புறம் இப்பதான் என் வாசலுக்கு வராரு. 'பார்த்தியாடா, உன்னாலதான்'னாரு. ஆமாண்ணான்னேன். முன்னாடி ஒரு ஓரத்துல எனக்குச் சந்தேகம் இருந்துச்சு மேடம். பொய் சொல்லல, இருந்துச்சு. ஒருவேளை நான் இல்லியோன்னு. இப்ப அதுவும் போயிடுச்சு. நாளைக்குக் கோர்ட்ல இதையும் சேர்த்துச் சொல்லிடறேன். நீங்க அளந்து சொல்றேன்னீங்க, இனி வேண்டாம். தெரிஞ்சு போச்சு. அதைச் சொல்லத்தான் போட்டேன்."

கண்ணாடிக்கு வெளியே பனி அசையாமல் நின்றது. மேசை ஓரத்தில் தபாலுக்கான உறை இருந்தது. அவள் அதை எடுத்துத் தன் பைக்குள் போட்டாள். தேவசகாயம் அதைப் பார்த்தார். தடுக்கவில்லை.

"முனிகிருஷ்ணன், நான் சொல்றதைக் கேளுங்க. குட்டை இல்ல. அதுக்கும் பனிக்கும் ஒண்ணுமே இல்ல. விமானம் இறங்கற இடத்துல வர்ற பனியை நாங்க தள்ளி விடறோம். உங்க ஊர் மேல தள்ளி விடறோம். மூணு வருஷமா."

"என்ன மேடம்?"

"உங்க வீட்டுப் பின்னாடி கம்பம் நிக்குதே, பனி சரியா இறங்கிச்சான்னு அதை வெச்சுத்தான் பார்க்கறோம்."

அவர் மெல்லச் சிரித்தார். "எனக்காகச் சொல்றீங்க. நல்ல மனசு மேடம் உங்களுக்கு."

"இல்ல. எனக்கு நல்ல மனசு இருந்தா நேத்தே சொல்லியிருப்பேன். விபத்து அன்னிக்குப் பனியை எங்க இறக்கறதுன்னு முந்தின நாள் முடிவு பண்ணது நான். உங்க ஊர் பேரைத் தொட்டது என் விரல். நேத்து சாயந்திரம் தொடல. அதனாலதான் இன்னிக்கு அங்க வெளிச்சம். பனி இப்ப என் சன்னலுக்கு வெளிய இருக்கு."

பின்னால் பேசிக்கொண்டிருந்தவர்களின் சத்தம் தூரமாகப் போனது. அவர் நகர்ந்து போய் நிற்கிறார் என்று தெரிந்தது. யாரோ, "யாருடா போன்ல?" என்று கேட்டார்கள்.

"நேத்து எங்க வீட்டுல காப்பி குடிச்சீங்களே மேடம்," என்றார். குரலில் கோபம் இல்லை. கணக்கில் ஏதோ ஒன்று இடிப்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்பவர் போல இருந்தது. "அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இருங்க," என்றார். "எங்கண்ணன்கிட்ட குடுக்கறேன். நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீங்களே சொல்லுங்க."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. ஒரு கனமான குரல், "யாருங்க பேசறது?" என்றது.

வசுமதி தன் பெயரைச் சொன்னாள். பிறகு, தான் பார்க்கும் வேலையைச் சொன்னாள்.